தகவல் தொழில்நுட்பத் துறை: வேலைவாய்ப்பும் பணிப் பாதுகாப்பும்

தகவல் தொழில்நுட்பத் துறை (ஐ.டி. துறை) என்பது மென்பொருள் உருவாக்கம், மென்பொருள் சோதனை, பராமரிப்பு, தரவு மேலாண்மை, வலையமைப்பு, வாடிக்கையாளர் சேவை முதலிய பணிகளை உள்ளடக்கிய துறை ஆகும். விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களில் பலர் இத்துறையில் சேரும் எண்ணத்துடனேயே படிக்கின்றனர். அவர்களும் அவர்களின் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் இரண்டு: இந்தப் படிப்புக்கு வேலை கிடைக்குமா? கிடைத்த வேலை நிலைக்குமா?

இவை ஒரே கேள்வி அல்ல. முதலாவது வேலைவாய்ப்பு பற்றியது, இரண்டாவது பணிப் பாதுகாப்பு பற்றியது. ஒரு துறை வளர்ந்துகொண்டே இருக்கும்போதும் அதில் உள்ள ஒரு தனி நபரின் வேலை போகலாம். ஐ.டி. துறையின் வரலாறு இதையே காட்டுகிறது. இந்த வேறுபாட்டையும், வேலை போவதற்கான காரணங்களையும், சட்டம் தரும் பாதுகாப்பையும், மாணவர்கள் செய்யத்தக்க முன்னேற்பாடுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டாரப் பின்னணி

விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. 2019இல் கள்ளக்குறிச்சி இதிலிருந்து தனி மாவட்டமாயிற்று. நெல், கரும்பு, மணிலா எனப்படும் நிலக்கடலை ஆகியவை இப்பகுதியின் முக்கியப் பயிர்கள். திண்டிவனத்தில் உள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை இரகங்கள் அவ்வூரின் பெயரைக் குறிக்கும் டி.எம்.வி. என்ற எழுத்துகளாலேயே அறியப்படுகின்றன. பெரிய தொழிற்சாலைகள் குறைவாக இருந்ததால், வேலை தேடி வெளியூர் செல்வது இங்கு வழக்கமாக இருந்து வருகிறது.

உயர்கல்விக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ளன. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனத்தில் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, மயிலத்தில் பொறியியல் கல்லூரி என வேறு நிறுவனங்களும் இயங்குகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2021இல் நிறைவேறியது. அதன் பின் இப்பகுதியின் அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்குப் பொறியியல் கல்லூரி வாசல் மேலும் திறந்தது.

திண்டிவனம் சென்னையிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர், விழுப்புரம் சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. இரண்டும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலும் இரயில் பாதையிலும் அமைந்தவை. செங்கல்பட்டை அடுத்த மகேந்திரா சிட்டி, சிறுசேரி, பழைய மாமல்லபுரம் சாலை, தரமணி ஆகிய இடங்களே இவ்வூர் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் செல்லும் ஐ.டி. பகுதிகள். தினமும் சென்று திரும்புவது கடினம் என்பதால் பெரும்பாலானோர் விடுதியிலோ, நண்பர்களுடன் வாடகை அறையிலோ தங்குகின்றனர். எனவே சம்பளத்தைக் கணக்கிடும்போது வாடகை, உணவு, பயணச் செலவு ஆகியவற்றைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

துறையின் வளர்ச்சியும் சரிவுகளும்

இந்திய மென்பொருள் துறையின் முன்னோடி நிறுவனமான டி.சி.எஸ். 1968இல் தொடங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகளில் தேதி பிழையாகும் என்ற அச்சத்தால் எழுந்த பணிகள், இந்திய நிறுவனங்களுக்கு மேலை நாட்டு வாடிக்கையாளர்களைப் பெற்றுத் தந்தன. சென்னை தரமணியில் டைடல் பூங்கா 2000 ஜூலையில் திறக்கப்பட்டது. நாஸ்காம் அமைப்பின் மதிப்பீட்டின்படி 2024–25இல் இந்தியத் தொழில்நுட்பத் துறையில் சுமார் 58 லட்சம் பேர் பணிபுரிந்தனர்.

இந்த வளர்ச்சிக்கு இடையே பல சரிவுகளும் வந்தன.

• 2000–01: அமெரிக்காவில் இணைய நிறுவனங்களின் பங்கு மதிப்பு சரிந்தது. புதிய ஆள்சேர்ப்பு குறைந்தது.

• 2008–09: உலக நிதி நெருக்கடியால் வங்கித் துறை வாடிக்கையாளர்கள் செலவைக் குறைத்தனர். 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளியானது. சுமார் 50,000 பேர் பணிபுரிந்த அந்நிறுவனத்தை அதே ஆண்டு டெக் மகேந்திரா கையகப்படுத்தியது.

• 2014–15: டி.சி.எஸ். நிறுவனத்தின் பணிநீக்கங்களுக்கு எதிராகச் சென்னையில் ஐ.டி. ஊழியர்கள் அமைப்பாகத் திரண்டனர். பணிநீக்கம் செய்யப்பட்ட ஓர் ஊழியரின் வழக்கில் 2015 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

• 2022–23: மெட்டா 11,000 பேரையும், கூகுள் 12,000 பேரையும், மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன.

• 2023–24: டி.சி.எஸ். நிறுவனத்தின் ஊழியர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் 13,249 குறைந்தது. இன்போசிஸ், விப்ரோ ஆகியவற்றிலும் எண்ணிக்கை குறைந்தது.

• 2025 ஜூலை: தனது ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரை நீக்கப்போவதாக டி.சி.எஸ். அறிவித்தது. நடுநிலை, மேல்நிலைப் பணியாளர்களே அதிகம் பாதிக்கப்படுவர் என்றும் கூறியது.

ஒவ்வொரு சரிவுக்குப் பின்னும் துறை மீண்டும் வளர்ந்தது. ஆனால் சரிவில் வேலை இழந்தவர் எல்லோரும் அதே வேலைக்கோ அதே சம்பளத்துக்கோ திரும்பவில்லை. துறை மீண்டுவிட்டது என்பது தனி நபருக்கு ஆறுதல் தரும் செய்தி ஆகாது.

வேலை ஏன் நிலையற்றதாக உள்ளது?

இந்திய ஐ.டி. நிறுவனங்களில் பெரும்பாலானவை சேவை நிறுவனங்கள். வெளிநாட்டு வங்கி, காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனை போன்ற ஒரு வாடிக்கையாளர் தன் பணியை ஒப்பந்தமாகத் தருவார். எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உழைத்தனர் என்ற அடிப்படையில் அவர் பணம் செலுத்துவது வழக்கமான முறை. இந்த ஒப்பந்தம் முடிந்தால் அதில் பணியாற்றியவர்களுக்கு வருமானம் தரும் வேலை இராது. அவர்கள் அடுத்த ஒப்பந்தத்துக்காகக் காத்திருக்கும் நிலையே "பெஞ்ச்" எனப்படுகிறது. பெஞ்சில் இருப்பவருக்கும் நிறுவனம் சம்பளம் தர வேண்டும் என்பதால், காத்திருப்பு நீளும்போது அவரது வேலைக்கு ஆபத்து கூடுகிறது.

இரண்டாவது காரணம் நிறுவனங்களின் கூம்பு அமைப்பு. கீழே குறைந்த சம்பளத்தில் பல புதியவர்களும், மேலே அதிகச் சம்பளத்தில் சில மூத்தவர்களும் இருந்தால்தான் இலாபம் கிடைக்கும். 10 முதல் 15 ஆண்டு அனுபவம் பெற்றவர்களுள் மேலாளர் பதவி எல்லோருக்கும் கிடைக்காது. புதிய தொழில்நுட்பத்தையும் கற்காமல், மேற்பதவிக்கும் செல்லாமல் நடுவில் நிற்பவர்களே ஆள்குறைப்பின்போது முதலில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றனர்.

மூன்றாவது காரணம் செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின், எளிய நிரல் எழுதுதல், சோதனை விவரங்கள் தயாரித்தல், வாடிக்கையாளர் கேள்விகளுக்கு விடையளித்தல் போன்ற பணிகளில் ஒரு பகுதியைக் கருவிகளே செய்கின்றன. முன்பு இவையே புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தரப்பட்ட பணிகள். எனவே பாதிப்பு மூத்தவர்களோடு நிற்காமல் நுழைவுநிலையையும் தொடுகிறது.

வெளிநாட்டு அரசுகளின் முடிவுகளும் உண்டு. 2025 செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்–1பி விசா விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் விதித்தது இதற்கு அண்மை எடுத்துக்காட்டு.

இக்காரணங்களில் பெரும்பாலானவற்றுக்கும் ஊழியரின் உழைப்புக்கும் தொடர்பில்லை. நன்றாக வேலை செய்தவரும் வேலை இழக்கலாம். இதை ஊழியர் மட்டுமன்றி அவருடைய குடும்பத்தாரும் உணர்வது அவசியம். வேலை போனதைத் தன் தகுதிக் குறைவாக எண்ணி வீட்டுக்குச் சொல்லாமல் மறைப்பவர்கள் உண்டு. அது கடனையும் மனச்சுமையையும் கூட்டுமே தவிரக் குறைக்காது.

நுழைவுநிலை வேலைகளின் நிலை

பெரிய சேவை நிறுவனங்களில் புதிய பொறியியல் பட்டதாரிக்கான சாதாரண தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம் ரூபாய் என்ற அளவிலேயே பத்தாண்டுகளுக்கும் மேலாக உள்ளது. விலைவாசி உயர்வைக் கணக்கிட்டால் இதன் உண்மை மதிப்பு குறைந்துள்ளது. வளாகத் தேர்வில் தேர்வானவர்களும் பணியில் சேரும் நாளுக்காகப் பல மாதங்கள் காத்திருந்த நிகழ்வுகள் 2022க்குப் பின் பரவலாயின.

வங்கிக் கல்விக் கடன் பெற்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொதுவாகப் படிப்புக் காலம் முடிந்து ஓராண்டுக்குப் பின் தவணை தொடங்கும். வேலை தாமதமானாலும் தவணை தாமதமாகாது. கால அவகாசம் தேவைப்பட்டால் தவணை தவறும் முன்பே வங்கிக் கிளையை அணுகுவது நல்லது.

மறுபுறம், வாய்ப்புகள் தோன்றும் இடங்களும் மாறியுள்ளன. வெளிநாட்டு நிறுவனங்கள் தம் பணிகளைத் தாமே நடத்த இந்தியாவில் அமைக்கும் உலகத் திறன் மையங்கள் 2024இல் 1,700ஐத் தாண்டின. இணையப் பாதுகாப்பு, கிளவுட் சேவைகள், தரவுப் பொறியியல் ஆகியவற்றுக்குத் தேவை உள்ளது. வங்கி, மருத்துவமனை, வாகனத் தொழிற்சாலை, அரசு அலுவலகம் என ஐ.டி. அல்லாத நிறுவனங்களிலும் கணினிப் பணியாளர்கள் தேவைப்படுகின்றனர்.

உள்ளூர் வாய்ப்புகள்

தமிழ்நாட்டின் முதல் மினி டைடல் பூங்கா விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரி 17 அன்று திறக்கப்பட்டது. சுமார் 31 கோடி ரூபாய் செலவில் 63,000 சதுர அடிப் பரப்பில் கட்டப்பட்ட இதில் ஏறத்தாழ 500 பேர் பணிபுரியலாம். அதே ஆண்டில் தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி ஆகிய இடங்களிலும் இத்தகைய பூங்காக்கள் திறக்கப்பட்டன.

ஊரிலேயே தங்கி 20,000 ரூபாய் பெறுபவர், சென்னையில் 28,000 ரூபாய் பெறுபவரைவிட மாத இறுதியில் அதிகம் மிச்சம் பிடிக்கக்கூடும். ஆனால் 500 இடங்கள் என்பது ஒரு மாவட்டத்தின் பட்டதாரிகள் எண்ணிக்கைக்கு முன் சிறிய அளவே. மேலும், ஒரு நிறுவனம் மூடினால் அடுத்த தெருவில் இன்னொன்று என்ற வசதி சென்னையில் உண்டு, சிற்றூரில் இல்லை. எனவே உள்ளூர் வேலையில் செலவு குறைவு, மாற்று வேலைகளும் குறைவு. இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

சிற்றூரிலும் மென்பொருள் தொழில் நிலைக்க முடியும் என்பதற்குத் தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஸோகோ அலுவலகம் சான்று.

சட்டம் தரும் பாதுகாப்பு

ஐ.டி. ஊழியர்களுக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு. ஐ.டி. நிறுவனங்களுக்குத் தொழில் தகராறு சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்றும், ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்றும் தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, தொடர்ந்து 6 மாதங்களுக்குக் குறையாமல் பணியாற்றிய ஒருவரைத் தகுந்த காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இன்றியும் நீக்க முடியாது. நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். மேலாண்மைப் பதவியில் இருப்பவர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது.

நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றில் ஐ.டி. ஊழியர் அறிய வேண்டியவை:

• ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆள்குறைப்பு செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் தேவை. நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும்.

• ஆள்குறைப்பு செய்யப்பட்டவரின் மறுதிறன் பயிற்சிக்காக மேலும் 15 நாள் சம்பளத்துக்கு இணையான தொகை வழங்கப்பட வேண்டும்.

• பணியிலிருந்து நீங்கிய இரண்டு வேலை நாள்களுக்குள் நிலுவைச் சம்பளம் தரப்பட வேண்டும்.

• குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் பணியாற்றுபவர் ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை பெறலாம். நிரந்தரப் பணியாளருக்கு 5 ஆண்டுப் பணி தேவை.

எடுத்துக்காட்டாக, மாதம் 40,000 ரூபாய் சம்பளத்தில் 4 ஆண்டுகள் நிறைவு செய்த ஒருவருக்கு, ஒரு மாத முன்னறிவிப்புச் சம்பளம் 40,000 ரூபாயும் இழப்பீடு தோராயமாக 80,000 ரூபாயும் உரியவை.

இப்பாதுகாப்பு "தொழிலாளர்" என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு உரியது. பதவியின் பெயரை விட, ஒருவர் செய்யும் வேலையின் தன்மையே இதில் முக்கியம். நிரல் எழுதுதல் போன்ற தொழில்நுட்பப் பணியை முதன்மையாகச் செய்பவர் இந்த வரையறைக்குள் வரலாம். முதன்மையாக நிர்வாகப் பணி செய்பவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளரும் வரமாட்டார்கள்.

விலகல் கடிதம் கேட்கப்பட்டால்

நடைமுறையில் பல நிறுவனங்கள் ஊழியரை நீக்குவதில்லை, அவரையே விலகல் கடிதம் தரச் சொல்கின்றன. தாமாக விலகியவருக்கு ஆள்குறைப்பு இழப்பீடு கிடையாது. நீக்கினால் அடுத்த வேலை கிடைக்காது என்று கூறப்படும் நிலையில், அச்சத்தால் பலர் கையெழுத்திடுகின்றனர். அத்தகைய சூழலில் பின்வருவன உதவும்:

1. அந்த இடத்திலேயே கையெழுத்திடாமல், யோசிக்க அவகாசம் கேட்க வேண்டும்.

2. விலகச் சொன்ன காரணத்தை மின்னஞ்சலில் கேட்டுப் பெற வேண்டும்.

3. பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பணி மதிப்பீட்டு முடிவுகள் ஆகியவற்றின் நகல்களைச் சொந்தப் பாதுகாப்பில் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். அலுவலகக் கணினி முடக்கப்பட்ட பின் இவை கிடைப்பது கடினம். நிறுவனத்தின் இரகசிய ஆவணங்களை எடுக்கக் கூடாது.

4. தொழிலாளர் துறை அலுவலகத்தையோ, ஐ.டி. ஊழியர் சங்கத்தையோ, வழக்கறிஞரையோ அணுகலாம்.

5. வழக்கு வேண்டாம் என்று முடிவு செய்தாலும், பணி அனுபவச் சான்று, நிலுவைச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி விவரம் ஆகியவற்றைப் பெற்ற பின்னரே விலக வேண்டும்.

போலி வேலைகள்

வேலை கிடைப்பது கடினமாகும்போது ஏமாற்றுபவர்கள் பெருகுகின்றனர். பின்வாசல் நியமனம் என்று பணம் வாங்குவது, பயிற்சிக் கட்டணம் பெற்றுப் பொய்யான அனுபவச் சான்று தருவது ஆகியவை பரவலானவை. பொய்ச் சான்று பின்னணிச் சரிபார்ப்பில் வெளிப்பட்டால், பல ஆண்டுகள் கழித்தும் வேலை போகும்.

தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் மியான்மரின் மியாவதி பகுதியில் அடைத்துவைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர். இவர்களுள் தமிழர்களும் இருந்தனர். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. வெளிநாட்டு வேலைக்கு அரசிடம் பதிவு பெற்ற முகவரா என்பதைச் சரிபார்ப்பதும், சுற்றுலா விசாவில் வேலைக்குச் செல்லாதிருப்பதும் கட்டாயம்.

மாணவர்கள் செய்யத்தக்கவை

அடிப்படையை உறுதியாக்குதல்: நிரல் மொழிகள் மாறிக்கொண்டே இருக்கும். தரவுக் கட்டமைப்பு, இயக்கமுறைமை, வலையமைப்பு, தரவுத்தளம் ஆகியவற்றின் அடிப்படைகள் எளிதில் மாறுவதில்லை. கருவி எழுதித் தரும் நிரல் சரியா தவறா என்று சொல்ல இந்த அடிப்படை தேவை.

செய்து காட்டுதல்: ஒரு அரிசி மண்டிக்கான கணக்கு மென்பொருள், ஒரு பள்ளிக்கான வருகைப் பதிவு செயலி போன்ற சிறிய பணியை முழுமையாக முடித்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவர், நேர்முகத் தேர்வில் பேசுவதற்குச் சொந்த அனுபவம் பெற்றிருப்பார்.

ஆங்கிலம்: தமிழ்வழி மாணவர்கள் பலருக்குத் தடையாக இருப்பது நிரலறிவு அல்ல, அதை ஆங்கிலத்தில் விளக்கும் பழக்கமே. தாம் செய்த பணியைத் தினமும் ஐந்து நிமிடம் வாய்விட்டு விளக்கிப் பழகுவது பயன் தரும்.

இலவசப் பயிற்சி: 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சிகளை வழங்குகிறது. பெரும் பணம் கட்டித் தனியார் பயிற்சியில் சேரும் முன் இதைப் பயன்படுத்தலாம்.

சேமிப்பு: வேலை கிடைத்த முதல் ஆண்டிலேயே ஆறு மாதச் செலவுக்கான தொகையைச் சேர்க்கத் தொடங்க வேண்டும். அதற்கு முன் பெரிய வீட்டுக் கடனோ வாகனக் கடனோ வாங்குவது ஆபத்தானது. இந்தச் சேமிப்பு உள்ளவரே விலகல் கடிதம் கேட்கப்படும்போது நிதானமாக முடிவெடுக்க முடியும்.

ஆண்டுக்கு ஒரு மதிப்பீடு: "இன்று இந்த வேலை போனால், மூன்று மாதத்தில் வேறு வேலை கிடைக்குமா?" என்று ஆண்டுதோறும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லை என்பது விடையானால், கற்கத் தொடங்க வேண்டிய நேரம் அதுவே.

முடிவுரை

ஐ.டி. துறை அரசுப் பணியைப் போல ஓய்வு பெறும் வரை நிலைக்கும் வேலையைத் தருவதில்லை. ஆனால் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் பரிந்துரையோ சொத்தோ இன்றித் தன் திறமையால் நுழையக்கூடிய துறையாக இன்றும் உள்ளது. வேலைவாய்ப்பை மட்டும் பார்த்துச் சேர்பவர் முதல் ஆள்குறைப்பிலேயே நிலைகுலைவார். பணிப் பாதுகாப்பு இல்லை என்பதை மட்டும் பார்த்து ஒதுங்குபவர் ஒரு நல்ல வாய்ப்பை இழப்பார். பணிப் பாதுகாப்பை நிறுவனத்திடம் முழுமையாக எதிர்பார்க்காமல், திறன், சேமிப்பு, சட்ட அறிவு ஆகிய மூன்றையும் தம்மிடம் வளர்த்துக்கொள்பவருக்கு ஒரு வேலை போவது பின்னடைவாக இருக்கும், ஆனால் அவருடைய வாழ்க்கை அதோடு நின்றுவிடாது.